அமெஸான் காட்டில் ஓர் அம்மையார்

அமெஸானின் கிளை நதி ஒன்று. கரையில் வீடு இல்லை, வாசல் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் காடுதான். தண்ணீரில் பட்ட கையைப் பிரானா மீன் கவ்விவிட்டது. வலது கை நடுவிரல் சிதைந்துபோயிற்று. அந்தக் காட்டில் வைத்தியருக்கு எங்கே போவது? அந்த அம்மையார் தம் விரலைத் தாமே துண்டித்து எறிந்தார்! விரல் போயிற்றே தவிர, பிரயாணம் நிற்கவில்லை. இத்தனையும் எதற்காக? பறவைகளுக்காக.

அவர் பெயர் எமிலி ஸ்னெத்லாகே. 1868-ல் ஜெர்மனியில் ஒரு பாதிரியாரின் மகளாகப் பிறந்தவர். சிறு வயதிலேயே தாயை இழந்தார். படிப்பெல்லாம் வீட்டிலேதான். பிறகு சுமார் பத்து வருஷம் பிறர் வீட்டுக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். முப்பது வயதுக்கு மேல் கையில் கொஞ்சம் குடும்பச் சொத்து வந்து சேர்ந்தது. வேறு யாராவதாக இருந்தால் வீடு வாங்கியிருப்பார்கள். எமிலியோ கல்லூரி வாசலை மிதித்தார்!

பெர்லின் சர்வகலாசாலையில் அன்று பெண்களுக்கு இருந்த மரியாதையைக் கேளுங்கள்: மாணவர்கள் வருவதற்கு முன்பே வந்து, திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பாடம் கேட்கவேண்டும். எமிலி உட்கார்ந்தார், கேட்டார். 1904-ல் ஃப்ரைபர்க் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டமும் பெற்றார்.

மறு வருஷமே கப்பல் ஏறினார். பிரேஸில் நாட்டில், அமெஸான் முகத்துவாரத்தை ஒட்டிய பெலெம் நகரில் கோயல்டி மியூஸியம் என்று ஒன்று இருக்கிறது. அங்கேதான் அவருக்கு வேலை. வயது முப்பத்தேழு.

நதிக்கு அக்கரை, இக்கரை

மியூஸியத்தில் உட்கார்ந்து, பாடம் செய்த பறவைகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருக்க அவருக்கு மனம் கொள்ளவில்லை. 1909-ல் ஷிங்கு நதி வழியாகப் புறப்பட்டார். அங்கிருந்து தாபஜோஸ் நதிப் பக்கம் போகவேண்டும். நடுவே கிடந்த பிரதேசத்துக்குச் சரியான தேசப்படமே கிடையாது. துணைக்கு அந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்த குருவாயா இனத்துப் பழங்குடி மக்கள் சிலர்தான். அவர்களை நம்பி, மூட்டை முடிச்சுகளோடு கால்நடையாகவே காட்டைக் கடந்தார். வழியில் பறவைகளை மட்டுமா பார்த்தார்? அந்த மக்கள் பேசும் வார்த்தைகளையும் கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டு, பின்னால் அச்சில் வெளியிட்டார்.

அமெஸான் காட்டில் எறும்புப் படை கிளம்பினால் பார்க்கவேண்டும். லட்சக்கணக்கில் தரையை மூடிக்கொண்டு நகரும். அதன் முன்னே ஒரு பறவைக் கூட்டம் தாவித் தாவிப் போகும். எறும்பைத் தின்னத்தான் வருகின்றன என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். எறும்புக்குப் பயந்து இலைக்குள்ளிருந்து வெளியே ஓடிவருகிற வெட்டுக்கிளி, கரப்பான், சிலந்தி இவைதான் அவற்றுக்கு விருந்து!

இப்படி நிழலிலேயே வாழ்ந்து பழகிய பறவைகள் பல, வெட்டவெளியில் நீண்ட தூரம் பறக்கத் தயங்கும். அமெஸான் நதிகளோ கடல் மாதிரி. தாபஜோஸின் கீழ்ப்பகுதியில் சில இடங்களில் அகலம் 10 கிலோமீட்டருக்கும் மேல். ஆகையால் இக்கரைப் பறவை இக்கரையிலேயே நின்றுவிடுகிறது. அக்கரையில் அதன் உறவுப் பறவை வேறு நிறத்தில், வேறு குரலில் வாழ்கிறது. ஒரே தாய் வயிற்றுப் பெண்கள் வெவ்வேறு ஊரில் வாழ்க்கைப்பட்டு, பேச்சும் உடையும் மாறிப்போகிற மாதிரி! எந்தப் பறவை எந்தக் கரையில் என்று பொறுமையாகக் கணக்கெடுத்தவர்களில் எமிலி முக்கியமானவர்.

அந்த நாளில் பறவை ஆராய்ச்சி என்றால் பைனாகுலர் மட்டும் போதாது, துப்பாக்கியும் வேண்டும். சுட்டு, தோலுரித்து, பாடம் செய்து மியூஸியத்துக்கு அனுப்பவேண்டும். எமிலியும் அதைத்தான் செய்தார். இப்போது கேட்டால் நமக்கு மனம் சுருக்கென்கிறது. ஆனாலும், அந்தப் பறவைகள் இன்னின்ன இடத்தில் வாழ்ந்தன என்பதற்கு அந்தச் சேகரிப்புகளே சாட்சி.

பதவி வந்தது, போனது

1914-ல் அவருடைய பெரிய புத்தகம் வெளிவந்தது. அமெஸான் பறவைகள் 1,117 வகை அதில் அடக்கம். அதே வருஷம் மியூஸியத்தின் தலைமைப் பதவியும் அவரைத் தேடி வந்தது. தென்னமெரிக்காவில் ஒரு விஞ்ஞான நிலையத்துக்குத் தலைமை வகித்த முதல் பெண்மணி அவரே. திரைக்குப் பின்னால் உட்கார்ந்து படித்தவர் அல்லவா!

ஆனால் யுத்தம் அவரையும் விடவில்லை. 1917-ல் பிரேஸில் ஜெர்மனிக்கு எதிராக யுத்தத்தில் இறங்கியது. ஜெர்மனியில் பிறந்தவர் என்பதற்காக எமிலியின் பதவியைப் பறித்துவிட்டார்கள். பன்னிரண்டு வருஷ உழைப்புக்குக் கிடைத்த பரிசு! 1919-ல் மீண்டும் அழைத்தபோது, கோபித்துக்கொண்டு போய்விடாமல் திரும்பவும் வேலையில் சேர்ந்தார். 1922-ல் ரியோ டி ஜெனிரோவிலுள்ள தேசிய மியூஸியத்துக்கு மாறினார். உத்தியோகமே ஊர் ஊராகச் சுற்றுவதுதான். அதைவிட அவருக்கு வேறென்ன வேண்டும்?

ஐம்பது வயதைத் தாண்டிய பிறகும் அலைந்தார். ஈரம் சொட்டும் காடு ஒரு பக்கம். கோடையில் இலையெல்லாம் உதிர்ந்து வெளுத்து நின்று, ஒரு மழை பெய்ததும் பச்சைப்பசேலென்று மாறும் முள்ளுக்காடு ஒரு பக்கம். அரகுவாயா நதியின் நடுவே மாபெரும் பனானல் தீவு இன்னொரு பக்கம். ஒவ்வொரு நிலத்துக்கும் ஒவ்வொரு பறவைக் குடும்பம். 1928-ல், ஸாவ் ஃபிரான்ஸிஸ்கோ நதிப் பிரதேசத்தில் வாழும் ஒரு கரிய குருவியை உலகுக்கு அறிமுகப்படுத்தி, அந்த நதியின் பெயரையே அதற்குச் சூட்டினார். அவர் இப்படி அறிமுகப்படுத்திய வகைகளும் உபவகைகளும் ஏறக்குறைய 60.

1929-ல் மடீரா நதிக்குப் போனார். போர்ட்டோ வெல்யோ என்ற ஊரில் திடீரென்று இருதயம் நின்றது. வயது 61. பிரயாணத்திலேயே வாழ்ந்தவர், பிரயாணத்திலேயே கண்ணை மூடினார்.

கதை அதோடு முடியவில்லை. 2002-ல் விஞ்ஞானிகள் ஒரு சிறு பச்சைக்கிளிக்கு எமிலியின் பெயரைச் சூட்டினார்கள். அந்தக் கிளி வாழ்வது எங்கே தெரியுமா? மடீரா நதிப் பிரதேசத்தில். அம்மையாரின் பயணம் நின்ற இடத்திலிருந்து அவர் பெயர் இன்னும் பறந்துகொண்டிருக்கிறது!