தண்ணீரை வடிக்காமல் மதகின் அடியைப் பார்ப்பது எப்படி?

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கச்சிராயபாளையத்தைத் தாண்டி கல்வராயன் மலையடிவாரம் வரை போனால் கோமுகி அணை. நீர்மட்டத்தின் முழு உயரம் 46 அடி, கொள்ளளவு 560 மில்லியன் கன அடி. பாதுகாப்பு கருதி 44 அடியோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். மேலே கல்படை, பொட்டியம் பக்கம் மழை பிடித்துக்கொண்டால் அணைக்கு வரும் நீரை ஷட்டர் தூக்கி ஆற்றில் விட்டுவிடுவார்கள். கரையில் நிற்பவருக்குத் தெரிவது நீர்ப்பரப்பும், தண்ணீருக்கு மேல் நிற்கும் இரும்பும்தான். ஷட்டரின் அடி ரப்பர் நைந்திருக்கிறதா, பாசன மதகின் வாயில் மரக்கட்டை சிக்கியிருக்கிறதா, சுவரில் விரிசல் ஓடுகிறதா என்பதெல்லாம் தண்ணீருக்குள்ளேயே இருந்துவிடுகிறது.

இதைத் தெரிந்துகொள்ள இதுவரை இரண்டு வழிகள். கோடையில் அணை வற்றும்வரை காத்திருப்பது ஒன்று. ஆளை மூழ்க வைப்பது இன்னொன்று. இரண்டாவது வழி நமக்கு மிகப் பழையது. ஏரிக்குள் குமிழித் தூம்பு கட்டி, அதன் அடைப்பைத் திறக்க மூச்சடக்கி உள்ளே போனவர்களின் நாடு இது. அதிலுள்ள ஆபத்தும் பழையதுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 மீட்டர் ஆழத்தில், ஓர் அடிக்கு ஓர் அடி அளவில் ஒரு மதகு வாய் திறந்திருக்கிறது. மறுபக்கம் வெறும் காற்று. அந்த வாயை ஓர் உடல் அடைத்தால், அதை அழுத்திப் பிடிக்கும் விசை ஏறக்குறைய ஒரு டன். எவ்வளவு தேர்ந்த நீச்சல்காரராக இருந்தாலும் அதிலிருந்து உதறி வெளிவர முடியாது.

மூன்றாவது வழியும் இப்போது இருக்கிறது. ஆளுக்குப் பதில் ஒரு சிறு எந்திரத்தை இறக்குவது. இதை ஆர்ஓவி என்கிறார்கள். கரையிலிருந்து வடத்தின் வழியே ஓட்டப்படும் ஆளில்லாத நீரடி வாகனம். போர்வெல்லுக்குள் கேமரா இறக்கிப் பார்ப்பது நம் ஊர்களில் பழகிப்போன காட்சி. அந்தக் கேமராவுக்கு நாலைந்து ஃபேன்களும் இரண்டு விளக்குகளும் கட்டி, மேலும் கீழும் மட்டுமல்லாமல் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகர வைத்தால் அதுதான் ஆர்ஓவி. சிறு வகை பத்துப் பன்னிரண்டு கிலோ இருக்கும். ஒருவர் தூக்கிவிடலாம்.

தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. முல்லைப் பெரியாறு வழக்கில் நீதிபதி ஏ.எஸ்.ஆனந்த் தலைமையிலான குழு அணையை ஆராய்ந்தபோது, 2011-இல் மத்திய மண் மற்றும் கட்டுமானப் பொருள் ஆராய்ச்சி நிலையம் இப்படியொரு வாகனத்தை இறக்கித்தான் நீருக்குள்ளிருந்த சுவரைப் படம்பிடித்தது. 1895-இல் கட்டி முடித்த சுவர் அது. ஐந்து மாவட்ட விவசாயிகளின் தண்ணீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல், ஆளையும் மூழ்க வைக்காமல் அதன் நீர்ப்புறத்தைப் பார்க்க வேறு வழியில்லை. சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் இன்னும் ஆழம் போயிருக்கிறது. அதன் ரோசப் 6000 வாகனம் 2010-இல் இந்தியப் பெருங்கடலில் 5,289 மீட்டரைத் தொட்டது. அதே நிறுவனத்தின் சிறிய வாகனமான ‘ப்ரோவ்’ 2015-இல் அண்டார்டிகாவில், மைத்ரி நிலையத்தை ஒட்டிய பிரியதர்ஷினி ஏரிக்குள் இறங்கியது. சென்னை ஐஐடியில் முளைத்த பிளானிஸ், கொச்சியின் ஐரோவ் போன்ற நிறுவனங்கள் துறைமுகம், பாலம், அணை என்று இதே வேலையைத் தொழிலாகச் செய்கின்றன.

ஆக, கருவி இருக்கிறது. அதைப் பேணுவது எப்படி என்பதைப் பற்றித்தான் நாம் பேசுவதில்லை. வாகனம் தண்ணீருக்குள் இருப்பது ஒரு மணி நேரம் என்றால், அதற்கு முன்னும் பின்னும் கையால் செய்யவேண்டிய வேலை இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரம்தான் வாகனத்தைக் கரைக்குத் திருப்பிக் கொண்டுவருகிறது.

முதலில் வடம். காற்றில் பறக்கும் டிரோனுக்கு வடம் வேண்டாம், இதற்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. டிரோனை ஆட்டுவிக்கும் ரேடியோ அலையைத் தண்ணீர் சில அடிகளுக்குள் விழுங்கிவிடும். ஜிபிஎஸ்ஸும் உள்ளே எட்டாது. எனவே படம் மேலே வருவதும் கட்டளை கீழே போவதும் ஒரு கம்பி வழியாகத்தான். தண்ணீரில் மிதக்கவும் மூழ்கவும் செய்யாமல் நடுவே நிற்கும்படி நுரைபோன்ற உறை போட்டு அந்த வடத்தைச் செய்கிறார்கள். வாகனம் எந்தத் தூணைச் சுற்றியதோ அதே தூணைத் திரும்பச் சுற்றித்தான் வெளியே வரவேண்டும். குறுக்கு வழி கிடையாது. இடப்பக்கம் எத்தனை முறை திரும்பினோம் என்று எண்ணிவைத்து, முடிவில் அத்தனை முறை வலப்பக்கம் திரும்பி முறுக்கை எடுக்கவேண்டும்.

இதனால் இது ஒருவர் செய்யும் வேலை அல்ல. திரையைப் பார்த்து ஓட்ட ஒருவர், வடத்தைக் கையில் பிடித்து விடவும் இழுக்கவும் ஒருவர். கிணற்றில் சப்மெர்சிபிள் மோட்டாரை இறக்கியவர்களுக்கு இரண்டாமவரின் அருமை தெரியும். தொய்வு கூடினால் வடம் முள்ளிலோ கட்டையிலோ மாட்டும். இறுக்கினால் வாகனம் பின்னால் இழுபடும். கரையில் வடத்தை எட்டு வடிவில் போட்டுவைப்பார்கள். வட்டமாகவே சுற்றிக்கொண்டு போனால் ஒவ்வொரு சுற்றும் ஒரு முறுக்கை ஏற்றும். எட்டில் ஒரு பக்க முறுக்கை மறுபக்கம் தின்றுவிடும். வடத்தின் மேல் யாரும் கால் வைக்கக் கூடாது. உள்ளே ஒரு நூல் கம்பி நசுங்கினாலும் படம் விட்டுவிட்டு வரும். எங்கே நசுங்கியது என்று கண்டுபிடிப்பதற்குள் அந்த நாளே போய்விடும்.

இறக்குவதற்கு முன் ஒரு விதி. பாசன மதகு மூடியிருக்கிறதா, ஷட்டர்கள் இறங்கியிருக்கின்றனவா, இடையில் யாரும் திறக்காதபடி பூட்டி ஆள் நிறுத்தியிருக்கிறதா? இந்த மூன்றுக்கும் ‘ஆம்’ என்று பதில் வராமல் வாகனம் நனையக் கூடாது. மேலே மனிதனுக்குச் சொன்ன அதே ஒரு டன் கணக்கு எந்திரத்துக்கும் பொருந்தும். எந்திரம் போனால் பணம் போகும். ஆனால் மதகு வாயில் மாட்டிய எந்திரத்தை எடுக்கக் கடைசியில் ஓர் ஆளை இறக்கவேண்டிய நிலை வந்தால் இத்தனை பாடும் வீண்.

கடலில் பழகியவர்கள் மலையடிவார அணைக்கு வந்ததும் தடுமாறுவது எடை விஷயத்தில். கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கனம். கடலில் மிதப்பு சரிபார்த்த 11 கிலோ வாகனம் கோமுகியில் கால் கிலோவுக்கு மேல் கனத்துப்போகும். கால் கிலோ அற்பமாகத் தோன்றும். ஆனால் ஆழத்தில் நிற்க மேல்நோக்கி ஃபேனைச் சுற்றிக்கொண்டே இருக்கவேண்டிவரும். அந்தச் சுழற்சி அடியிலுள்ள வண்டலைக் கிளப்பும். பார்க்கப் போனது மறைந்துவிடும். ஒவ்வொரு நீர்நிலையிலும் ஈயக்கட்டியைக் கூட்டியோ குறைத்தோ, விட்டால் மிக மெதுவாக மேலே வரும்படி வைப்பது நல்லது. மின்சாரம் நின்றுபோனால் தானாக மிதந்து வந்துவிடும்.

கலங்கல் இன்னொரு தொல்லை. மழைக்காலத்தில் கல்வராயனிலிருந்து இறங்கும் தண்ணீர் செம்மண் கரைந்தே வரும். வெள்ளிமலைப் பாதையில் மூடுபனிக்குள் ஹைபீம் போட்ட ஓட்டுநருக்குத் தெரியும், முன்னால் வெள்ளைச் சுவர் எழும்பி நிற்கும். தண்ணீருக்குள்ளும் அதுவே நடக்கிறது. மண்துகள் ஒவ்வொன்றும் வெளிச்சத்தைக் கேமராவுக்கே திருப்பி அடிக்கிறது. விளக்கைக் கேமராவுக்கு அருகில் வைக்காமல் பக்கவாட்டில் தள்ளிப் பொருத்துவதும், ஒளியைக் கூட்டாமல் குறைப்பதும்தான் வழி. அதற்கும் மசியாத கலங்கலில் ஒலியால் படம் வரையும் சோனார் வேண்டும்; அதன் விலை பல நேரங்களில் வாகனத்தின் விலையையே தாண்டும். மழை ஓய்ந்து, மண் படிந்து, தண்ணீர் தெளிந்த பிறகு இறக்குவதே செலவில்லாத தீர்வு. இரும்பு ஷட்டருக்கு அருகில் திசைகாட்டியையும் நம்ப முடியாது, இரும்பு அதை இழுத்துவிடும். அங்கே சுவரைத் தொட்டபடி, கண்ணால் பார்த்தபடிதான் ஓட்டவேண்டும்.

இனி ரப்பர் வளையம். ஓ-ரிங் என்பது கடையில் பேர் தெரியாமல் கிடக்கும் பொருள், சில ரூபாய்தான். மின்னணுச் சாமான்கள் இருக்கும் குழாயின் மூடியில் அது உட்கார்ந்திருக்கிறது. 14 மீட்டர் ஆழத்தில், அதாவது கோமுகியின் முழு ஆழத்தில், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் கூடுதலாக 1.4 கிலோ அழுத்தம். நாலு அங்குல மூடி என்றால் 110 கிலோவுக்கு மேல். இரண்டு ஆட்கள் ஏறி நிற்கும் பாரம் அது. அத்தனையையும் தாங்கும் வளையத்தின்மேல் ஒரு தலைமுடி கிடந்தால் போதும், முடியை ஒட்டியே தண்ணீர் உள்ளே நூல் பிடித்துவிடும்.

ஆகவே மூடும்போது வளையத்தைக் கழற்றி, பஞ்சு ஒட்டாத துணியால் துடைத்து, விரலால் வருடிப் பார்க்கவேண்டும். வெட்டு, தட்டை, மணல் எல்லாவற்றையும் கண்ணைவிட விரல்நுனி சீக்கிரம் சொல்லும். பிறகு சிலிக்கான் கிரீஸை மினுங்கும் அளவுக்கு மட்டும் தடவவேண்டும். அப்பினால் மணல்தான் ஒட்டும். கண்ணாடிபோன்ற அக்ரிலிக் குவிமாடத்தை ஸ்பிரிட் கொண்டு துடைக்கவே கூடாது. மயிரிழை விரிசல் விட்டு, அழுத்தத்தில் பிளக்கும். தண்ணீரும் சோப்பும் போதும்.

மூடியது சரியா என்று தண்ணீருக்குள் போய்த் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. கைப்பம்பு ஒன்றால் குழாய்க்குள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி, மானியில் 10 அங்குலப் பாதரச அளவு வெற்றிடம் வரும்வரை இழுத்து, கால் மணி நேரம் விட்டுவிடுவார்கள். முள் 9-க்குக் கீழே இறங்கியிருந்தால் எங்கோ கசிவு. அன்று இறக்கக் கூடாது. கூட்டம் கூடி நின்று, அதிகாரிகள் காத்திருந்து, எல்லோரும் அவசரப்படும் நேரத்தில் இந்தக் கால் மணி நேரத்தைத்தான் முதலில் தியாகம் செய்யத் தோன்றும். தோன்றினாலும் செய்யக் கூடாது என்று சொல்லும் அதிகாரம் ஓட்டுபவருக்கு இருக்கவேண்டும்.

மின்கலம் லித்தியம். முழுதாக ஏற்றியோ முழுதாகத் தீர்த்தோ மாதக்கணக்கில் வைத்தால் கெடும். பாதி சார்ஜில், நிழலில் வைப்பதே முறை. கள்ளக்குறிச்சி வெயிலில் பூட்டிய ஜீப்புக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போவது அதன் ஆயுளையே சாப்பிடுவதற்குச் சமம். உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது என்று சந்தேகம் வந்தால் பதறி மூடியை நெம்பக் கூடாது. நனைந்த மின்கலம் வாயுவைக் கக்கியிருக்கலாம்; மூடி துப்பாக்கிக் குண்டுபோலத் தெறிக்கும். எல்லோரையும் விலக்கி, எதிரே முகம் வைக்காமல், காற்றுத் திருகை மெல்லத் திறந்து அழுத்தத்தை விடுவதுதான் முதல் வேலை. ஃபேன்களைப் பொறுத்தவரை, தூண்டில் நரம்பு சுற்றியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்கவேண்டும். அவற்றின் பேரிங்குக்குத் தண்ணீர்தான் எண்ணெய் என்பதால் கரையில் வைத்து வெறுமனே சுற்றவிடக் கூடாது.

இவற்றில் எதற்கும் வெளிநாட்டுப் படிப்பு தேவையில்லை. கள்ளக்குறிச்சியிலும் சங்கராபுரத்திலும் சின்னசேலத்திலும் மோட்டார் காயில் கட்டும் கடைக்காரர்களுக்குச் சீல் மாற்றுவதும், கேபிள் ஜாயின்ட்டில் தண்ணீர் புகாமல் கட்டுவதும் அன்றாட வேலை. ஐடிஐ முடித்த இரண்டு இளைஞர்களுக்குச் சில வாரப் பயிற்சி கொடுத்தால் கற்றுக்கொள்வார்கள். என் கவலை வேறு. அரசு அலுவலகங்களில் கருவி வாங்க ஒதுக்கீடு வரும். ரப்பர் வளையத்துக்கும், பயிற்சி பெற்றவர் மாற்றலாகிப் போனால் அடுத்தவரைத் தயார் செய்யவும் வராது. வாகனம் பெட்டிக்குள்ளேயே வயதாகும். மாவட்டத்துக்கு ஒன்று வாங்குவதைவிட, நாலு மாவட்டத்துக்குப் பொதுவாக ஒன்றை வாங்கி, இரண்டு பேரை நிரந்தரமாக அதற்கென்றே வைப்பது மேல் என்பேன்.

அவசியம் இல்லையென்று தள்ளவும் முடியாது. 2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம், 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளோடு, 10 முதல் 15 மீட்டர் உயரமும் பத்து லட்சம் கன மீட்டர் கொள்ளளவும் உள்ளவற்றையும் தன் கீழே கொண்டுவருகிறது. மழைக்கு முன்பும் பின்பும் அவற்றை ஆய்வு செய்யச் சொல்கிறது. இதே மாவட்டத்தின் 36 அடி மணிமுக்தா அணைகூட அந்த அளவைத் தாண்டியது. தண்ணீருக்கு மேலுள்ளதை மட்டும் பார்த்துவிட்டு எழுதும் ஆய்வு அரை ஆய்வுதான்.

ஆனால் கருவி எல்லாவற்றையும் காக்கும் என்று சொல்லமாட்டேன். 2022 செப்டம்பரில் பரம்பிக்குளம் அணையின் ஷட்டர் அடித்துச் செல்லப்பட்டது. 2024 ஆகஸ்டில் துங்கபத்திராவின் 19-ஆம் எண் ஷட்டர் போனது. இரண்டிலும் அறுந்தது சங்கிலி. ஏணி போட்டு ஏறி, கிரீஸ் துணியோடு பார்க்கவேண்டிய இடம் அது. நீருக்குள் கண் வைப்பதால் நீருக்கு மேலுள்ள கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று ஆகிவிடக் கூடாது.

வாகனம் மேலே வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, ஃபேன் இடுக்கில் ஏறிய வண்டலைக் கழுவி, வடத்தை ஈரத்துணியில் உருவிக்கொண்டே எட்டாகப் போட்டு, நிழலில் காயவைக்கிறார்கள். ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை மாற்றுகிறார்கள். பிறகு ஒரு நோட்டு. தேதி, அன்றைய நீர்மட்டம், எந்த ஷட்டர், எந்த மதகு, கரையிலிருந்து எத்தனை மீட்டர் வடம் விட்டபோது எடுத்த படம், வெற்றிடச் சோதனையில் முள் எங்கே நின்றது, எந்த வளையம் மாற்றப்பட்டது. அடுத்த தை மாதம் அதே மூலையில் அதே விரிசலை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, அது நீண்டிருக்கிறதா இல்லையா என்பதை இந்த நோட்டு இல்லாமல் எவராலும் சொல்ல முடியாது.