மிதிவண்டியில் வந்த காலாட்படை

1941 டிசம்பர் 8 அன்று பிரிட்டிஷார் ஆண்ட மலாயாவின் கோத்தா பாருவிலும் தாய்லாந்தின் தென்கரையிலும் இறங்கிய ஜப்பானியர், 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரைப் பணிய வைத்தனர். ஜெனரல் யமாஷிதாவின் 25-ஆம் படையில் ஆயிரக்கணக்கானோர் மிதிவண்டியில் முன்னேறினர். லாரிக்கு எரிபொருளும் பாலமும் வேண்டும். மிதிவண்டியையோ தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடக்கலாம். பிரிட்டிஷார் போட்ட நல்ல சாலைகளே ஜப்பானியருக்கு வழிவிட்டன. டயர் வெடித்தால் வெறும் ரிம்மிலேயே ஓட்டினர்.

கையில் 6.5 மில்லிமீட்டர் அரிசாகா துப்பாக்கி. குழல் நீளமானதால் சுடும்போது எழும் ஒளி குறைவு. காட்டில் இது பெரும் அனுகூலம். ஆனால் படையின் உண்மையான பலம் 50 மில்லிமீட்டர் குண்டு எறி குழல்தான். எடை 5 கிலோவுக்கும் குறைவு, ஒருவரே சுமக்கலாம், 600 மீட்டருக்கு அப்பாலும் குண்டு விழும்.

சுமையைக் குறைத்ததற்கு விலையும் இருந்தது. எதிரியிடம் கைப்பற்றும் உணவை நம்பியே படை நகர்ந்தது. மலாயாவில் அது பலித்தது. 1944இல் சுமார் மூன்று வார உணவுடன் இந்தியாவின் இம்பாலை நோக்கிப் புறப்பட்ட ஜப்பானியருக்குப் பலிக்கவில்லை; பசியும் நோயும் பல்லாயிரம் வீரர்களைக் கொன்றன.