நிலத்தின் ஈரமறியும் கருவிகள்

உத்திரமேரூர் வட்டாரத்தில் ஏரிப் பாய்ச்சல் ஓய்ந்தபின் கிணற்று ஜலத்தை நம்பிக் கரும்பும் நெல்லும் பயிரிடும் குடியானவர்கள், மேல்மண்ணின் நிறத்தைக் கண்டும், பிடி மண்ணை உருட்டிப் பார்த்துமே ஜலம் பாய்ச்சும் நாளை நிச்சயிப்பது வழக்கம். மேல்மண் உலர்ந்திருப்பினும் வேர் ஓடும் ஆழத்தில் ஈரம் இருக்கக்கூடும். அதையறியாது இறைக்கும் ஜலம் பயிருக்கு உதவாததோடு, இட்ட உரத்தையும் கீழே கரைத்துக்கொண்டு போகிறது. கோடையில் கிணறும் வற்றுகிறது.

இக்குறையை நீக்கும்பொருட்டு, கோயம்புத்தூரில் 1912-ம் வருஷம் ஸ்தாபிக்கப்பட்ட கரும்பு இனப்பெருக்க நிலையத்தார் கைக்கருவி ஒன்று செய்திருக்கின்றனர். அதன் கம்பிகளை மண்ணில் ஊன்றினால் விளக்கு எரியும். நீலமாயின் ஈரம் மிகுதி. பச்சையாயின் போதுமானது, உடனே பாய்ச்ச வேண்டுவதில்லை. ஆரஞ்சு நிறமாயின் பாய்ச்சுதல் நலம். சிவப்பாயின் தாமதம் கூடாது. எழுத்தறியாத ஆளும் இதைக் கையாளலாம்.

இவ்வகைக் கருவிகள் யாவும், ஜலம் சேருங்கால் மண்ணின் மின்சாரக் குணம் மாறுவதைக் கொண்டு வேலை செய்வன. சில, ஈரமண்ணில் மின்சாரம் எளிதில் ஓடுவதை அளக்கும். உவர் நிலத்தில் உப்பும் மின்சாரத்துக்கு வழிவிடுமாதலால், இவை ஈரத்தை மிகைப்படக் காட்டி ஏமாற்றும். வேறு சில, மண் மின்சாரத்தைத் தேக்கும் குணத்தை அளக்கும். அக்குணத்தின் எண் உலர்ந்த மண்ணுக்கு ஏறக்குறைய 3 முதல் 5 வரையிலும், ஜலத்துக்குச் சுமார் 80 ஆகவும் இருத்தலால் வித்தியாசம் தெளிவாய்ப் புலப்படும். எதுவாயினும், கம்பியைச் சுற்றிக் களிமண் வெடித்து இடைவெளி விட்டிருந்தால் காட்டுவது பொய்யே.

வயலிலேயே நட்டுவைக்கும் கருவிகளுக்கு அடிக்கடி பாட்டரி மாற்றுவது பெருந்தொல்லை. ஆகையால் சுற்றுப்புறத்திலிருந்தே மின்சாரம் எடுக்கும் பொருள்களைப்பற்றி உலகெங்கும் ஆராய்ச்சி நடைபெறுகிறது. வெயிலை மின்சாரமாக்கும் சிலிக்கன் தகடு முன்னமே பழக்கத்துக்கு வந்துவிட்டது. அழுத்தினால் மின்சாரம் தரும் பளிங்குகளின் குணத்தைப் பிரான்சு தேசத்துக் கியூரி சகோதரர்கள் 1880-ல் கண்டறிந்தனர். இதற்கென இன்று மிகுதியும் வழங்கும் பொருளில் ஈயம் கலந்திருக்கிறது. உடைந்து நெல்வயலில் கிடப்பின் விஷமாகுமென்பதால், ஈயமற்ற பொருளைத் தேடுவது முக்கியமான முயற்சியாகியுள்ளது. அழுத்தத்தால் கிடைக்கும் இம்மின்சாரம் மிகச் சொற்பம்; சிறு கருவி நடக்கப் போதும், பம்பு ஓடாது. ஓடுமென்று சொல்லி விற்க வருவோரிடம் ஜாக்கிரதை வேண்டும்.

நெல்லுக்கு இவ்வளவும் அவசியமில்லை. துளையிட்ட குழாயொன்றை வயலில் புதைத்து, அதில் ஜலமட்டம் தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியபின் பாய்ச்சலாம்; பூக்கும் பருவத்தில் மட்டும் வயலில் ஜலம் நிற்க வேண்டும். கரும்புக்குரிய கருவியையும் ஒவ்வொருவரும் தனித்தனியே வாங்க வேண்டுவதில்லை. பராந்தக சோழன் காலத்திலேயே ஏரி வாரியம் வைத்து ஜலத்தைப் பரிபாலித்த ஊர் இது. பத்துப் பேர் கூடி ஒன்று வாங்கிப் பொதுவில் வைத்துக்கொள்வது கடினமன்று. சோதிக்கும்போது வாய்க்கால் ஓரத்தை விட்டு, வயலின் நடுவே மூன்று நான்கு இடங்களில் ஊன்றிப் பார்க்க வேண்டும்.