மணி அடிச்சாச்சு, குவெஸ்ட் வந்தாச்சு!

நியூயார்க்கில் மாலை 4 மணி. பங்குச்சந்தை மூடும் மணி அடித்தாயிற்று. அமெரிக்கக் கோடைக் காலக் கணக்குப்படி நம்மூரில் அப்போது நள்ளிரவு தாண்டி ஒன்றரை. ஆனாலும் சிஎன்என் இன்டர்நேஷனலில் ரிச்சர்ட் குவெஸ்ட் வந்துவிட்டால் தூக்கமாவது ஒன்றாவது! மேசையில் மணியே வைத்திருக்கிறார் மனுஷன். அடிக்கிற வேகத்தில் சரிந்த சந்தையே எழுந்து உட்கார்ந்துவிடும் போலிருக்கும்.

1962-இல் லிவர்பூலில் பிறந்தவர். லீட்ஸில் சட்டம் படித்து பாரிஸ்டர் ஆனவர், கோர்ட்டுக்குப் போகாமல் 1985-இல் பிபிசியில் பயிற்சி நிருபராகச் சேர்ந்தார். அப்புறம் பிபிசிக்காகவே நியூயார்க்கில் வணிகச் செய்தி. 2001-இல் சிஎன்என். 2009-லிருந்து ‘குவெஸ்ட் மீன்ஸ் பிசினஸ்’ நிகழ்ச்சி. இத்தனை வருஷம் அமெரிக்காவில் இருந்தும் அந்தக் கரகரத்த பிரிட்டிஷ் குரல் துளியும் மாறவில்லை. மாறியிருந்தால் நாம் விழித்திருப்போமா என்ன!

சரி, கேமராவுக்கு இந்தப் பக்கம் வருவோம். லென்ஸுக்கு முன்னால் சாய்வாக ஒரு கண்ணாடி. கீழே உள்ள திரையில் ஓடும் எழுத்துகள் அதில் பிரதிபலிக்கும். வாசிப்பவர் அதைப் பார்த்துப் படிக்கிறார், நமக்கோ நம் கண்ணையே பார்த்துப் பேசுவது போலிருக்கிறது. காதுக்குள் குட்டி இயர்பீஸ். ஒரு கம்பெனித் தலைவரைக் கேள்வியால் மடக்கிக்கொண்டிருக்கும்போதே, கன்ட்ரோல் ரூமிலிருந்து தயாரிப்பாளர் ‘இருபது... பத்து... முடிங்க’ என்று எண்ணிக்கொண்டிருப்பார். விருந்தினர் வேறு நாட்டில் இருந்து, பேச்சு செயற்கைக்கோள் வழியாக வந்தால் இன்னொரு கூத்து. சுமார் 36,000 கிலோமீட்டர் மேலே போய்த் திரும்ப வேண்டும், கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே அரை விநாடிக்கு மேல் மௌனம் விழும். அந்த மௌனத்தில் முகம் வாடக் கூடாது, குறுக்கே பேசிவிடவும் கூடாது.

இதற்கு நடுவில் திடீர்ச் செய்தி வந்தால்? கண்ணாடியில் ஓடும் வரிகளெல்லாம் வீண். அடுத்த படம் தயாராகும்வரை சொந்தச் சரக்கில்தான் பேச வேண்டும். குவெஸ்ட் அடித்து நொறுக்கும் இடம் இதுதான்! தலையில் கணக்கு இருக்கிறது, வாயில் வக்கீல் வாதம் இருக்கிறது, கை இரண்டும் காற்றில் பறக்கின்றன. விமானம் பற்றிய சேதியாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். 2003-இல் கான்கார்டின் கடைசிப் பயணிகள் விமானச் சேவை முடிந்தபோது செய்தி சொன்னவர், விமானம் என்றாலே இன்றும் நாற்காலி நுனிக்கு வந்துவிடுகிறார்.

விடைபெறும்போது ஒரு வாழ்த்து: அடுத்து என்ன வேலை செய்தாலும் அதில் லாபம் கிடைக்கட்டுமாம். அந்த நேரத்தில் எனக்கு அடுத்த வேலை தூக்கம்தான்!