பழைய மோட்டார் உறுப்புகளால் சிறு எருவாரி யந்திரம் அமைத்தல்

எருக்குழியினின்று மக்கிய எருவை வெட்டியெடுத்து வண்டியில் ஏற்றும் வேலை ஆட்களின் நாளைப் பெரிதும் விழுங்குவதாகும். புதிய லோடர் யந்திரம் வாங்க வசதியில்லாத நிலச்சுவான்தார்கள் சிலர், காயலான் கடையிற் கிடைக்கும் உறுப்புகளைக் கொண்டு உள்ளூர்ப் பட்டறையிலேயே சிறு யந்திரம் ஒன்றைச் செய்துகொள்ளலாமா என வினவுகின்றனர். செய்துகொள்ளலாம். ஆயினும், தூக்கும் பலத்தை மட்டும் கருதி, கவிழாது நிற்கும் பலத்தைக் கருதாமற் கட்டிய யந்திரம் ஓட்டுபவன் உயிருக்கே கேடாய் முடியும்.

முன்மாதிரி

இத்தகைய யந்திரம் முதலில் ஒரு கிராமப் பட்டறையிலேயே உருவாயிற்று. அமெரிக்காவின் மின்னசோட்டா மாகாணத்து ராத்சே என்னும் சிற்றூரிற் பட்டறை நடத்திய சிரில் கெல்லர், லூயி கெல்லர் என்னும் சகோதரர்கள், வான்கோழிப் பண்ணைக்காரர் ஒருவரின் பொருட்டு 1957-ஆம் ஆண்டில் அதனைச் செய்தளித்தனர். பண்ணைக் கொட்டகை இரண்டு தளமுடையது. ஆகவே யந்திரம் மேல் தளம் தாங்கும் அளவுக்கு இலேசாகவும், தூண்களுக்கிடையே திரும்பும் அளவுக்குச் சிறிதாகவும் இருத்தல் அவசியமாயிற்று. முன்னே ஓட்டும் சக்கரம் இரண்டும், பின்னே எப்பக்கமும் சுழலும் சிறு சக்கரம் ஒன்றும் வைத்தனர். முதலில் அமைத்த வார்ப்பட்டை வழுக்கியமையால், பின்னர்க் கிளட்சு அமைப்பை மேற்கொண்டனர். 1958-இல் மெல்ரோ கம்பெனியார் இதனை ஏற்றனர். 1960-இல் நான்கு சக்கர யந்திரம் வெளிவந்தது. 1962-இல் அதற்குப் ‘பாப்காட்’ என்னும் பெயர் ஏற்பட்டது.

ஓட்டும் பகுதி

பின்சக்கரங்களால் ஓடும் பழைய மோட்டாரின் பின் இருசை, டிபரன்ஷியலுடன், நமது யந்திரத்தின் முன்புறம் பொருத்துதல் எளிய முறை. இரு சக்கரங்களின் பிரேக்குகளையும் தனித்தனியே பிரித்து, இரண்டு மிதிகள் வைக்கவேண்டும். ஒரு சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினால், டிபரன்ஷியலின் தன்மையால் மற்றது இரு மடங்கு வேகத்திற் சுழன்று யந்திரத்தைத் திருப்பும்.

எஞ்சின் பின்னும் இருசு முன்னுமாக அமைப்பதால், எல்லாம் திசை மாறும்; முன்செல்லும் கியர்கள் பின்செல்வனவாகிவிடும். இருசைத் தலைகீழாகத் திருப்பினால் இது நேராகும். அப்பொழுது எண்ணெய் மட்டத் துவாரத்தையும் காற்றுத் துவாரத்தையும் புதிய இடத்தில் அமைத்து, சிறு பற்சக்கரத்தின் பேரிங்குகளுக்கு எண்ணெய் எட்டுகிறதா என்று பார்த்தல் வேண்டும்.

வேகமும் கவனிக்கத்தக்கது. எஞ்சின் நிமிஷத்திற்கு 1,500 சுற்றுச் சுற்ற, முதல் கியர் 3.8 மடங்கும் இருசு 4.5 மடங்கும் குறைக்குமானால், 2 மீட்டர் சுற்றளவுள்ள சக்கரம் மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர் ஓடும். எரு வாருவதற்கு இது மிகுந்த வேகம். இரண்டாவது கியர் பெட்டி ஒன்றைத் தொடர்ந்து இணைத்தால் வேகம் 3 கிலோமீட்டருக்குக் குறையும். முறுக்கு விசையும் அவ்வளவு மடங்கு பெருகுமாதலால், கனத்த வண்டியின் இருசையே தேர்ந்தெடுக்கவேண்டும்.

தூக்கும் பகுதி

50 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள எண்ணெய் உருளை, சதுர சென்டிமீட்டருக்கு 100 கிலோ அழுத்தத்தில் சுமார் 1,960 கிலோ விசையுடன் தள்ளும். இரு கைகளுக்கும் ஒவ்வொன்றாக இரண்டு உருளை வைத்து, கையின் நீளத்தில் நாலில் ஒரு பாகத்தில் இணைத்தால், வாரியின் முனையில் ஏறக்குறைய 980 கிலோ தூக்கும் விசை கிடைக்கும். இங்கேதான் ஆபத்து ஆரம்பமாகிறது.

கவிழாமைக் கணக்கு

முன்சக்கரங்கள் தரையைத் தொடும் கோடே தராசின் முள். வெற்று யந்திரம் 600 கிலோ எடையும், அதன் எடைமையம் அக்கோட்டிற்கு 60 சென்டிமீட்டர் பின்னும் இருப்பதாகக் கொள்வோம். சுமையின் மையம் 90 சென்டிமீட்டர் முன்னே இருந்தால், 400 கிலோ ஏறியதும் பின்சக்கரம் எழும்பிவிடும். சக்கர லோடர்களுக்குக் கவிழ்சுமையிற் பாதியே அனுமதிக்கத்தக்க சுமை என்பது சர்வதேச விதி. எனவே இதற்கு 200 கிலோவே எல்லை.

கன மீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு கொள்ளும் வாரியில், கன மீட்டருக்கு 700 கிலோ நிறையுள்ள மக்கிய எரு 140 கிலோதான் இருக்கும், பயமில்லை. அதே வாரியில் ஈர மணலை நிரப்பினால் சுமார் 380 கிலோவாகும். சிறிது சரிவிலோ, திடீரென்று பிரேக் பிடிக்கும்பொழுதோ யந்திரம் குப்புற விழும். உருளைகளோ 380 கிலோவைத் தயங்காமல் தூக்கும்.

இதற்குப் பரிகாரம் அழுத்தம் தணிக்கும் வால்வே. வாரியில் நிறுத்த 200 கிலோவை வைத்து, அதனைத் தூக்க எவ்வளவு அழுத்தம் போதுமோ அவ்வளவில் வால்வை அமைத்து முத்திரையிட்டுவிடவேண்டும். அதற்கு மேற்பட்ட சுமையை யந்திரம் தூக்க மறுக்கும்; மறுப்பதே நன்மை.

எச்சரிக்கைகள்

1. சுமையுடன் செல்கையில் வாரி தரையை ஒட்டியே இருக்கவேண்டும். உயர்த்திச் சென்றால், மூன்று சக்கர யந்திரம் பக்கவாட்டிலும் கவிழும்.

2. உயர்த்திய கைகளுக்கு இரும்பு முட்டுக் கொடுக்காமல் ஒருவரும் கீழே நுழையலாகாது.

3. எண்ணெய்க் கசிவைக் கையால் தடவிப் பார்க்கக்கூடாது. அட்டைத் துண்டால் பார்க்கவேண்டும். அழுத்தமுள்ள எண்ணெய் தோலைத் துளைத்தால், காயம் சிறிதாகத் தோன்றினும் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும்.

4. ஓட்டுபவன் தலைக்கு மேல் உறுதியான இரும்புச் சட்டமும், இருக்கையில் வார்க்கட்டும் அவசியம்.

5. பதிவு செய்யாத யந்திரத்தைப் பொதுச் சாலையில் ஓட்டுவதை 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிப்பதில்லை. கிராம அதிகாரிகள் இதனை முன்கூட்டியே எடுத்துரைப்பது நலம்.

பட்டறைக்காரரிடம் வேலையை ஒப்படைக்குமுன், யந்திரத்தின் எடை, எடைமையத்தின் தூரம், சுமையின் தூரம் ஆகிய மூன்றையும் தாளில் எழுதிக் கணக்கிடுக. அனுமதித்த சுமையை வாரியின் மேலேயே பெரிய எழுத்தில் தீட்டிவைத்தால், புதிதாக ஓட்ட வருபவனும் அறிந்து நடப்பான்.