என்ன பேர் வைக்கலாம்?

வீட்டில் பெண் குழந்தை பிறந்திருக்கிறதா? கையைக் கொடுங்கள் சார்! ஆபீஸில் ஸ்வீட் தீருவதற்குள் கேள்வி வந்துவிடும்: "என்ன பேர் வைக்கப் போறீங்க?"

நண்பர் ஒருவர் இந்தக் கேள்வியில் மூன்று மாதம் மாட்டிக்கொண்டு முழித்தார். மனைவியின் தேர்வு, யாழினி. அம்மாவின் ஆசை, தையல்நாயகி. வைத்தீஸ்வரன்கோயில் அம்மன் பெயர். நண்பரின் பாட்டி பெயரும் அதுதான்.

"என் மாமியார் என்னைப் பெத்த பொண்ணு மாதிரி வெச்சிருந்தாங்கடா" என்று அம்மா கண் கலங்கினார். சரி, ஆனால் வேலை செய்யாத குழந்தையை எப்படித் திட்டுவது? மாமியார் பேரைச் சொல்லி மருமகள் கூப்பிடுகிற வழக்கமே அந்த வீட்டில் கிடையாதே! ஆசைப்பட்டவரே கடைசிவரை 'பாப்பா' என்றுதான் கூப்பிட வேண்டும். பள்ளிக்கூடத்திலோ பையன்கள் 'தையல் மெஷின்' என்று சுருக்கிவிடுவார்கள்.

யாழினி? இனிமையான பேர். சிக்கல் 'ழ'வில். பாட்டி வாயில் 'யாளினி'. இங்கிலீஷில் இசட், ஹெச் போட்டால் டெல்லிக்காரர் 'யாஜினி' என்பார். இலங்கைத் தமிழர்கள் பலர் 'எல்' போட்டு எழுதுகிறார்கள். நியூமராலஜிக்காரர் வந்தால் இன்னொரு 'ஏ' சேர்ப்பார்!

சிரிக்காதீர்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கிற குழந்தைகளுக்குப் பள்ளி அட்மிஷன், ஆதார், ஓட்டர் லிஸ்ட், டிரைவிங் லைசென்ஸ் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். அதில் விழுந்த ஸ்பெல்லிங் கூடவே வரும். பிறகு மாற்ற வேண்டுமானால் அரசிதழ்வரை அலைய வேண்டும்.

இனிஷியலையும் யோசியுங்கள். பாஸ்போர்ட்டில் ஒற்றை எழுத்து செல்லாது. விரித்து எழுத வேண்டும். அப்பா பேர் 'சர்நேம்' கட்டத்தில் போய் உட்கார்ந்தால், வெளிநாட்டில் உங்கள் பெண்ணை 'மிஸ் ராமசாமி' என்பார்கள்!

அவசரப்படவும் வேண்டாம். பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட்டால் போதும். பேரைப் பிறகு சேர்க்கலாம். ஒரு வருடம்வரை கட்டணமில்லை. அதன்பின் தாமதக் கட்டணத்தோடு 15 வருடம்வரை இடமுண்டு. அதற்குள் வாசலில் நின்று சத்தமாகக் கூப்பிட்டுப் பாருங்கள். ஒரு பாரத்தில் எழுதிப் பாருங்கள். இரண்டிலும் பாஸானால் சரி. எப்படியும் அந்தப் பேரை ஆயுசுக்கும் சுமக்கப் போவது அவள்தானே!

நண்பர் வீட்டில் போன வாரம் தீர்ப்பாகிவிட்டது. சான்றிதழில் யாழினி. பேர் வைக்கும் அன்று குழந்தையின் காதில் மூன்று முறை 'தையல்நாயகி'. சொன்னது யார்? அம்மாவேதான். மாமியார் பேரை வாய்விட்டுச் சொன்னது வாழ்க்கையிலேயே அன்றுதான் முதல் தடவையாம். சொல்லிவிட்டுக் குலுங்கி அழுதார்.

கூடவே குழந்தையும் வீல் என்று கத்தியது. அதன் ஆட்சேபணை எந்தப் பேருக்கு என்றுதான் தெரியவில்லை!