எதிராளி கையில் என்ன சீட்டு?

(மூன்றாம் ஆண்டு, இளங்கலைக் கணிதம்)

நான் முதலாண்டு படித்தபோது, தேர்வுக் கட்டணத்துக்கென வீட்டில் கொடுத்த பணத்தை நண்பர் ஒருவர் செல்பேசிப் போக்கரில் தோற்றார். பொன்னேரிக்கு வரும் மின்ரயிலில், "அவன் கையில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்டா, அப்படியும் போச்சு" என்று புலம்பினார். 'தெரியும்' என்ற அந்தச் சொல்லில்தான் பிழை இருக்கிறது. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

போக்கரில் பரவலாக ஆடப்படும் வகையில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகத் தரப்படும். பொதுச் சீட்டுகள் ஐந்து பின்னர் விரிக்கப்படும். நம் கையில் இரண்டு ராஜாக்கள் இருப்பதாகக் கொள்வோம். எதிராளி பந்தயத்தைப் பெரிதாக உயர்த்துகிறார். அவரிடம் என்ன இருக்கும்?

மீதி 50 சீட்டுகளில் இரண்டிரண்டாக 1,225 சேர்க்கைகள் அமையும். எல்லாவற்றுக்கும் ஒருவர் பந்தயத்தை உயர்த்தமாட்டார். ஏஸ் ஜோடி, ராஜா ஜோடி, ராணி ஜோடி, ஏஸும் ராஜாவும் ஆகிய நான்குக்கு மட்டுமே இவர் உயர்த்துபவர் என்று முந்தைய ஆட்டங்களில் கண்டிருக்கிறோம் எனின், எண்ணிக்கை எளிது.

ஏஸ் ஜோடி: 6 வழிகள்.
ராஜா ஜோடி: எஞ்சியவை இரண்டே என்பதால் 1 வழி.
ராணி ஜோடி: 6 வழிகள்.
ஏஸும் ராஜாவும்: 4 x 2 = 8 வழிகள்.

ஆக மொத்தம் 21. இவற்றுள் நம்மை முந்துவன ஏஸ் ஜோடியின் 6 மட்டுமே. 14-இல் நாமே முந்தி நிற்கிறோம். 'நிச்சயம் ஏஸ் ஜோடிதான்' என்று அஞ்சி விலகுவது தவறு என்பது இதனால் விளங்கும்.

இன்னும் ஒரு படி உண்டு. ராணி ஜோடி வந்தால் அவர் பாதித் தடவைதான் உயர்த்துவார் எனில், அந்த 6-ஐ 3 என்றே கொள்ளவேண்டும். மொத்தம் 18 ஆகும். நாம் பின்தங்கும் வாய்ப்பு மூன்றில் ஒன்றாக உயரும். புதிய செய்தி வரும்போது பழைய மதிப்பீட்டைத் திருத்தும் இம்முறைக்கு அடிப்படை, தாமஸ் பேயஸ் எழுதி, அவர் மறைவுக்குப்பின் 1763-இல் வெளியான தேற்றமாகும்.

எங்கள் ஊர் பழவேற்காடு. முகத்துவாரம் திறந்திருக்கிறதா, காற்று எப்பக்கம் என்று பார்த்தே வலைக்குச் செல்லும் பெரியவர்கள், "இறால் படலாம்" என்பார்களே தவிர, "படும்" என்று சொல்லமாட்டார்கள். அவர்களுக்கு ஏரியின் பழக்கம் தெரியும். நண்பருக்கோ எதிராளி முகமறியாதவர். பழக்கம் அறியாத இடத்தில் 6-ஐ 3 ஆக்குவதா, 6 ஆகவே வைப்பதா? கணக்கு அங்கே கண்ணிழந்து நிற்கிறது.

போக்கர் திறமையா, அதிர்ஷ்டமா என்பது நீதிமன்றம்வரை சென்ற வினா. ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுகளாகத் தமிழகத்தின் 2022-ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியலிட்டது. அவை திறமை சார்ந்தவை என்று கூறி, 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அப்பட்டியலை நீக்கியது. பின்னர் 2025-இல் மத்திய அரசின் சட்டம், திறமையாயினும் அதிர்ஷ்டமாயினும், இணையவழிப் பண விளையாட்டுகளைத் தடைசெய்தது.

திறமை உண்டு என்பதை மேற்கண்ட கணக்கே காட்டும். ஆனால் 21-இல் 14 நமக்குச் சாதகமானாலும் மீதி 7 இருக்கத்தான் செய்கிறது. பொதுச் சீட்டுகள் விரிந்தபின் அந்த 14-உம் கைமாறலாம். சரியாகக் கணித்தவனும் அன்றைக்குத் தோற்கலாம். தேர்வுக் கட்டணமோ ஒருமுறைதான் கையில் இருக்கிறது. நண்பர்களே, இக்கணக்கைத் தாளில் போட்டுப் பாருங்கள், பணத்தில் வேண்டாம்.